கோதிக் திகில் கதைகள் வழியே வாசிப்பும் படைப்பெழுத்தும் கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிப்பாடம் நடத்தும் ஆசிரியர்களும், பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்கம் வரவேண்டும் என்று விரும்பும் பெற்றோரும் இந்த முறையைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் ஒரே அளவில் இல்லை. இடத்தை எழுதுவது எப்படி, தமிழ்த் தொடரின் இயல்பைத் திகிலுக்குப் பயன்படுத்துவது எப்படி ஆகிய இரண்டு கேள்விகளுக்கு மட்டும் நீண்ட விடை தேவைப்பட்டது.

கோதிக் திகில் என்பது எது? சாதாரணப் பேய்க்கதையிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

1764-ஆம் ஆண்டின் இறுதியில் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர், ‘ஒட்ராண்டோ கோட்டை’ என்ற நாவலைத் தம் பெயரை மறைத்து, பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி வெளியிட்டார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் அதை எழுதியவர் தாமே என்று ஒப்புக்கொண்டு, ‘ஒரு கோதிக் கதை’ என்ற துணைத்தலைப்பையும் சேர்த்தார். இந்த இலக்கிய வகைக்குப் பெயர் அங்கிருந்துதான் வந்தது. கூர்முனை வளைவுகளைக் கொண்ட இடைக்கால ஐரோப்பியக் கட்டடக்கலைக்கும் அதே பெயர்தான் வழங்குகிறது. ஒரு கதை வகையின் பெயரிலேயே கட்டடம் இருப்பதை மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

பேய்க்கதைக்குப் பேய் வேண்டும். கோதிக் கதைக்கு வீடு போதும். அந்த வீட்டில் முன்பு நடந்த ஒன்று இன்னும் முடியாமல் இருக்கவேண்டும். மறைத்த குற்றமோ, பூட்டிய அறையோ, பேசக்கூடாத பெயரோ இன்று வாழ்பவர்களின் மேல் பாரமாக இறங்குகிறது. இறுதிவரை பேயே வராத கோதிக் கதைகளும் உண்டு.

வாசிப்புத் திறனை வளர்க்க எத்தனையோ வகைக் கதைகள் இருக்கும்போது இதை ஏன் தேர்ந்தெடுக்கவேண்டும்?

எழுத்தில் இருப்பதைக் கொண்டு எழுத்தில் இல்லாததை உய்த்துணர்வதுதான் வாசிப்பில் மிகக் கடினமான திறன். மற்ற கதைகளில் இந்தத் திறன் குறைந்த மாணவர், தாம் எதையோ தவறவிட்டோம் என்றே அறியாமல் கடைசிப் பக்கம்வரை போய்விட முடியும். கோதிக் கதையில் அது முடியாது. உய்த்துணராதவருக்கு அச்சமே வராது. “இதில் பயப்பட என்ன இருக்கிறது?” என்று ஒரு மாணவர் கேட்டால், அவர் எந்த இடத்தில் வாசிப்பைத் தவறவிட்டார் என்பது ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

1902-இல் வெளிவந்த டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் ‘குரங்கின் பாதம்’ என்ற சிறுகதையை எடுத்துக்கொள்வோம். மூன்று வரங்கள் தரும் ஒரு காய்ந்த குரங்குப் பாதம் வயதான தம்பதியிடம் வந்துசேர்கிறது. முதல் வரமாகக் கேட்ட பணம், இயந்திரத்தில் சிக்கி இறந்த மகனுக்கான இழப்பீடாகக் கைக்கு வருகிறது. மகன் திரும்பி வரவேண்டும் என்று தாய் இரண்டாம் வரத்தைக் கேட்க வைக்கிறாள். இரவில் கதவு தட்டப்படுகிறது. அவள் தாழ்ப்பாளை நீக்கப் போராடும்போது, தந்தை பாதத்தைத் தேடியெடுத்து மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார். கதவு திறக்கும்போது தெரு வெறுமையாக இருக்கிறது. வெளியே நின்றது எது என்று கதை ஓரிடத்திலும் சொல்லவில்லை. தந்தையின் மூன்றாவது வேண்டுதல் என்ன என்பதையும் சொல்லவில்லை. ஆயினும் கவனமாக வாசித்த மாணவர் ஒவ்வொருவருக்கும் இரண்டும் தெரிந்திருக்கும். “அது உனக்கு எப்படித் தெரிந்தது? எந்தச் சொல் சொன்னது?” என்று கேட்டுவிட்டால், உய்த்துணர்தல் பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

எழுத்துப் பயிற்சிக்கும் இதே காரணம் பொருந்தும். வாசகர் எதையெல்லாம் தாமே கண்டுபிடிக்கிறாரோ அதையெல்லாம் எழுதுபவர் சொல்லாமல் நிறுத்திவைத்திருக்கிறார். வாசிப்பில் உய்த்துணர்தலாக இருப்பது எழுத்தில் மறைத்துவைத்தலாக மாறுகிறது. இரண்டையும் ஒரே பாடத்தில் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான இலக்கிய வகையை நான் அறியேன்.

எந்த வயதிலிருந்து தொடங்கலாம்?

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மேலே சொன்னது போன்ற கதைகள் பொருந்தும் என்பது என் கருத்து. அதற்கும் இளையவர்களுக்கு, அச்சம் எழுந்து கதை முடிவதற்குள் அடங்கிவிடும் கதைகளைத் தரலாம். வயதைவிட, ஆசிரியர் அந்தக் குழுவை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதே முக்கியம்.

பிள்ளைகள் உண்மையாகவே பயந்துவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். கதையில் என்ன வரப்போகிறது என்பதைப் பொதுவாக முதல் நாளே சொல்லிவிடவேண்டும். அதனால் சுவை குறைவதில்லை. எது வரும் என்று தெரிந்தும் எப்படி வரும் என்று தெரியாமல் காத்திருப்பதே திகில். அண்மையில் வீட்டில் ஒருவரை இழந்த பிள்ளை வகுப்பில் இருந்தால், இறந்த மகன் கதவைத் தட்டும் கதையை அந்தப் பருவத்தில் எடுக்கக் கூடாது. வேறு கதை எடுக்கலாம். அல்லது அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசி, அவருக்கு வேறு பணி தரலாம். விளக்கை அணைப்பது, திடீரென்று மேசையைத் தட்டுவது போன்றவற்றை நான் ஒருபோதும் செய்வதில்லை. அவை பிள்ளையின் உடம்பை அதிரவைக்கும். சொற்களின் மேல் இருந்த கவனத்தைக் கலைத்துவிடும்.

பழைய கதைகளின் மொழி கடினமாக இருக்கிறதே? சுருக்கப் பதிப்பைப் பயன்படுத்தலாமா?

கதைச் சுருக்கத்தைவிட, முழுமையான ஒரு பகுதியே மேல். சுருக்குபவர் முதலில் நீக்குவது வானிலை, சுவர், படிக்கட்டு, காத்திருத்தல் ஆகியவற்றைத்தான். கோதிக் கதையில் நாம் கற்பிக்க விரும்புவது அவற்றையே. முந்நூறு பக்க நாவலை முப்பது பக்கமாகச் சுருக்கித் தருவதற்குப் பதிலாக, அதன் நான்கு பக்கங்களை ஒரு சொல்லும் குறையாமல் தந்து, மீதிக் கதையை ஆசிரியர் வாய்மொழியாகச் சொல்லிவிடலாம். கடினமான சொற்களில் ஐந்தாறை மட்டும் முன்கூட்டியே விளக்கினால் போதும். மற்றவற்றின் பொருளைச் சூழலிலிருந்து ஊகிக்க விடவேண்டும்.

வகுப்பில் வாசிப்பை எப்படி நடத்துவது?

கதையை மூன்று அல்லது நான்கு இடங்களில் நிறுத்துங்கள். நிறுத்தும் இடத்தை முன்பே குறித்துக்கொள்வது அவசியம். பெரும்பாலும் ஒரு கதவு, ஒரு படி, ஓர் ஓசை வரும் இடமாக அது அமையும். அடுத்து என்ன நடக்கும் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அப்படி நினைப்பதற்கு வாசித்த பகுதியிலிருந்து ஒரு வரியைச் சான்றாகக் காட்டச் சொல்லவேண்டும். சான்று இல்லாத ஊகத்தைக் கரும்பலகையில் எழுதுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டால், இரண்டாம் வாரத்துக்குள் பிள்ளைகள் தாமாகவே பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்குவார்கள்.

பாலின்சார், பிரவுன் என்ற இரு கல்வி ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில், முன்கணித்தல், வினவுதல், தெளிவுபடுத்துதல், தொகுத்துரைத்தல் ஆகிய நான்கு செயல்களை மாணவர்களே முறைவைத்து நடத்தும் ஒரு வாசிப்பு முறையை விவரித்தார்கள். நால்வர் கொண்ட குழுவில் ஆளுக்கொரு செயலைப் பிரித்துக்கொடுக்க இது மிகவும் ஏற்றது. தெளிவுபடுத்தும் பொறுப்பு கூச்சமுள்ள பிள்ளைக்குப் பொருந்தும். தமக்குப் புரியாததைச் சொல்வதே அங்கே பணியாகிவிடுகிறது.

முதல் வாசிப்பு முடிந்ததும் கதையின் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். எட்கர் ஆலன் போ 1839-இல் எழுதிய ‘அஷர் இல்லத்தின் வீழ்ச்சி’ கதையின் தொடக்கத்தில், கூரையிலிருந்து நீர்நிலைவரை வளைந்து வளைந்து இறங்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு விரிசலைக் கதைசொல்லி பார்க்கிறார். இறுதியில் அந்த வீடு அதே விரிசலின் வழியே பிளந்து நீரில் மூழ்குகிறது. முதல் வாசிப்பில் அந்த விரிசலைக் கவனித்த மாணவர் அரிது. இரண்டாம் முறை அதைக் காணும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே இந்தப் பாடத்தை எத்தனை முறையும் நடத்தலாம்.

மாணவர்கள் எழுதும் கதைகளில் இரத்தமும் வெட்டும் குத்தும்தான் வருகின்றன. எப்படி மாற்றுவது?

தடை போடவேண்டாம், வேறுபாட்டைக் கற்றுக்கொடுங்கள். கோதிக் நாவலாசிரியர்களில் பெரும் புகழ்பெற்ற ஆன் ராட்கிளிஃபின் கட்டுரையொன்று, அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1826-இல் வெளிவந்தது. அதில் அவர் திகிலையும் கோரத்தையும் இரண்டாகப் பிரித்தார். திகில் மனத்தை விரித்துப் புலன்களை விழிக்கச் செய்கிறது. கோரம் அவற்றைச் சுருக்கி உறையவைத்துவிடுகிறது. அவருக்கு முன்பே, 1757-இல், எட்மண்ட் பர்க் என்ற சிந்தனையாளர், ஒன்று மிகுந்த அச்சம் தருவதற்கு அது தெளிவின்றி இருப்பது அவசியம் என்று எழுதியிருந்தார்.

இதை வகுப்பில் காட்டுவது எளிது. மாணவர் எழுதிய கொலைக் காட்சியை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு முந்திய ஐந்து நிமிடங்களை மட்டும் ஒரு பக்கத்துக்கு எழுதச் சொல்லுங்கள். கொலை நடந்த மறுநாள் காலையில், எதுவும் அறியாத ஒருவர் அந்த அறையைக் கூட்டிப் பெருக்குவதை இன்னொரு பக்கத்துக்கு எழுதச் சொல்லுங்கள். பிறகு மூன்றையும் உரக்க வாசித்து, எதில் வகுப்பு அமைதியானது என்று கேளுங்கள். பெரும்பாலும் நடுவில் இருக்கும் கொலைக் காட்சியை மாணவரே நீக்கிவிடுவார்.

அச்சம் எங்கிருந்து வருகிறது என்று திட்டமிட எளிய வழி இருக்கிறதா?

நமக்குத் தொல்காப்பியமே வழி காட்டுகிறது. மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் களங்களாக அணங்கு (வருத்தும் தெய்வம், பேய் போன்றவை), விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கைச் சொல்கிறது. கதை எழுதும் முன் மாணவர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ‘இறை’ என்பதை நம்மை ஆள்பவர் என்று விரித்துச் சொன்னால், கோதிக் மரபின் உட்பொருள் விளங்கிவிடும். ஏனெனில் அந்தக் கதைகளில் அணங்கைவிட மிகுதியாக அஞ்சப்படுபவர் கோட்டைத் தலைவர், தந்தை, கணவர், காப்பாளர் என்று வீட்டை ஆளும் ஒருவரே. வால்போலின் முதல் கோதிக் கதையிலும் இளம்பெண்ணைத் துரத்துபவர் அந்தக் கோட்டையின் தலைவர்தான்.

இடத்தை எழுதக் கற்றுக்கொடுப்பது எப்படி?

ஏறத்தாழ எல்லா மாணவரின் முதல் பத்தியும் இப்படித்தான் இருக்கும்: “அது ஒரு பயங்கரமான பாழடைந்த பங்களா. எங்கும் ஒரே இருட்டு. பார்க்கவே பயமாக இருந்தது.” இதில் பிழை ஒன்றுமில்லை, ஆனால் வாசகர் செய்யவேண்டிய வேலையை எழுதியவரே செய்துவிட்டார். பயம் என்ற முடிவு கையில் கிடைத்துவிட்டதால், வாசகர் எதையும் பார்க்கவேண்டியதில்லை.

எனவே முதல் வரைவு முடிந்ததும் பயம், பயங்கரம், திகில், மர்மம், அமானுஷ்யம் ஆகிய ஐந்து சொற்களையும் அடித்துவிடச் சொல்கிறேன். அடுத்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்கிறேன். இந்த வீட்டில் யார் வாழ்ந்தார்கள்? அவர்கள் எந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள்? அதன்பின் எது மாறியிருக்கிறது? மூன்றாவது கேள்வியில்தான் கதை பிறக்கிறது. இப்படிப் பிறந்த ஒரு பத்தி இது: “சாப்பாட்டு மேசையில் நான்கு தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மூன்றின் மேல் தூசி படிந்திருந்தது.” நான்காவது தட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாசகர் தாமே எண்ணிப் பார்க்கிறார். எண்ணி முடித்ததும் அந்த அறையில் தாம் தனியாக இல்லை என்று உணர்கிறார்.

புலன்களை வரிசைப்படுத்துவது அடுத்த பாடம். பார்வையைக் கடைசியில் வைக்கவேண்டும். இருட்டில் முதலில் வருவது மணம், பிறகு காலடியில் தரையின் தன்மை, பிறகு ஓசை, அதன்பின்னரே உருவம். எல்லாப் புலன்களையும் ஒரே பத்தியில் திணிக்கும் பழக்கம் மாணவர்களிடம் விரைவில் வந்துவிடும். ஒரு காட்சிக்கு இரண்டு போதும். ‘கிறீச்’, ‘தடதட’, ‘சலசல’ போன்ற ஒலிக்குறிப்புச் சொற்களையும் அளந்து பயன்படுத்தச் சொல்லவேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு முறை வரும் ஒலிக்குறிப்பு காதில் விழும். ஐந்து முறை வந்தால் கதை நாடக மேடை ஆகிவிடும்.

கோட்டையும் மாளிகையும் கட்டாயம் என்று மாணவர்கள் நினைப்பார்கள். அச்சமூட்டும் தன்மையைப் பற்றிச் சிக்மண்ட் பிராய்டு 1919-இல் எழுதிய கட்டுரை, நன்கு பழகிய ஒன்றே அந்நியமாகத் தோன்றும்போது அந்த உணர்வு எழுகிறது என்று விளக்குகிறது. ஆகவே, எல்லாரும் போன பின் இருக்கும் பள்ளித் தாழ்வாரத்தையோ, நள்ளிரவில் ஆளின்றி ஒவ்வொரு தளத்திலும் நின்று செல்லும் மின்தூக்கியையோ, தம் சொந்த அறையையோ எழுதும் மாணவர், காணாத கோட்டையை எழுதும் மாணவரைவிட நன்றாகவே எழுதுகிறார்.

தமிழில் எழுதும்போது இந்த வகைக்குத் தனியாகக் கவனிக்கவேண்டியது உண்டா?

உண்டு. கற்பிப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் பகுதியும் இதுதான். தமிழில் முற்றுவினை தொடரின் இறுதியில் வருகிறது. அதாவது, என்ன நடந்தது என்பதை இயல்பாகவே கடைசிவரை நிறுத்திவைக்கும் மொழி நம்முடையது. “மூன்றாம் படியில் கால் வைத்தபோது, மேல்தளத்தின் கோடியில், அப்பா இறந்த நாளிலிருந்து ஒருவரும் திறக்காத அந்த அறையில், விளக்கு எரிந்தது” என்ற தொடரில் வாசகர் ஒவ்வொரு காற்புள்ளியிலும் ஒரு படி ஏறுகிறார். இந்தத் தொடரை நான்காக உடைத்து எழுதிப் பார்க்கச் சொன்னால், எதை இழந்தோம் என்பது மாணவருக்குத் தெரியும். நீண்ட தொடர் ஏறவேண்டும். உச்சிக்குப் பின் வரும் தொடர் இரண்டு மூன்று சொற்களில் நின்றுவிடவேண்டும்.

வினையின் வடிவமும் கதை சொல்லும். “கதவைத் திறந்தார்கள்” என்றால் ஆட்கள் இருக்கிறார்கள். “கதவு திறக்கப்பட்டது” என்றால் செய்தவரை மறைக்கிறோம். “கதவு திறந்தது” என்றால் செய்தவரே இல்லை. “கதவு திறந்திருந்தது” என்பதுதான் நான்கிலும் அச்சம் மிகுந்தது. நாம் வருவதற்கு முன்பே ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது, அல்லது வெளியே வந்திருக்கிறது. இலக்கண வகுப்பில் செயப்பாட்டு வினையைக் கண்டு சலிக்கும் மாணவர், இங்கே அதைத் தாமே கேட்டுப் பெறுகிறார்.

மூன்றாவது, திணை. நம் முற்றுவினை வந்தது யார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘நின்றாள்’ என்றாலே பெண் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் வினையெச்சமும் பெயரெச்சமும் திணையைக் காட்டா. எனவே எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய், முற்றுவினையில் மட்டும் உண்மையை வெளியிடலாம்: “மெல்லப் படியிறங்கி, கூடத்தின் நடுவில் நின்று, என் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போயிற்று.” பெயர் சொல்லி அழைத்ததால் மனிதர் என்று நினைத்திருந்த வாசகரை, ‘போயிற்று’ என்ற ஒரு சொல் திடுக்கிட வைக்கிறது. இந்தப் பயிற்சியை ஒரு முறை செய்த பிள்ளைகள் உயர்திணை, அஃறிணை வேறுபாட்டை மறப்பதே இல்லை.

இதைத் தொடர்ந்து மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலுக்குப் போகலாம். அதில் விஞ்ஞானி உருவாக்கிய உயிருக்குப் பெயரே இல்லை. அதைத் தமிழில் சொல்லும் ஒவ்வொரு தொடரிலும் ‘அவன்’ என்பதா, ‘அது’ என்பதா என்று நாம் முடிவு செய்தாக வேண்டும். நாவலின் நடுப்பகுதியில் அந்த உயிரே தன் கதையைச் சொல்கிறது. விஞ்ஞானியின் வாயால் ‘அது’ என்று ஒரு பத்தியும், அந்த உயிரின் வாயால் ‘நான்’ என்று ஒரு பத்தியும் எழுதிய பின், இரக்கம் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று விவாதிக்கச் செய்யலாம். ‘யாரோ’, ‘ஏதோ’, ‘எங்கோ’ என்ற ஓகாரச் சொற்களும் நல்ல கருவிகளே. ஒரு பத்திக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

கதையை யார் சொல்வது என்பதை எப்படிக் கற்பிப்பது?

கோதிக் கதைகள் பலவற்றில் கதைசொல்லியை முழுவதும் நம்ப முடியாது. போ 1843-இல் வெளியிட்ட ‘காட்டிக்கொடுக்கும் இதயம்’ கதையில், கொலை செய்த ஒருவர் தாம் பைத்தியம் இல்லை என்று நம்மிடம் வாதாடிக்கொண்டே இருக்கிறார். அந்த வாதமே அவருக்கு எதிரான சான்றாகிறது. அவர் சொல்வதை ஒரு நிறத்திலும், நாம் புரிந்துகொள்வதை இன்னொரு நிறத்திலும் ஓரத்தில் எழுதச் சொன்னால் வாசிப்பின் இரு அடுக்குகள் கண்முன் தெரியும்.

எழுத்துப் பயிற்சிக்கு 1897-இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ உதவும். நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு ஆகியவற்றின் தொகுப்பாகவே அந்த நாவல் அமைந்திருக்கிறது. கதை சொல்லும் வாய்ப்பு டிராகுலாவுக்குத் தரப்படவே இல்லை. மாணவர்கள் ஒரே இரவைப் பற்றி மூன்று ஆவணங்கள் எழுதட்டும்: ஒரு சிறுமியின் நாட்குறிப்பு, காவலாளியின் பதிவேடு, அண்டைவீட்டாருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி. மூன்றும் ஒரே ஒரு விவரத்தில் முரண்படவேண்டும். அந்த முரண்பாட்டை விளக்கக் கூடாது.

எழுதத் தொடங்கவே முடியாமல் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு என்ன சொல்வது?

மேரி ஷெல்லியின் கதையைச் சொல்லலாம். 1815 ஏப்ரலில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போயிற்று. 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில் மழையால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று முடிவு செய்தார்கள். அப்போது மேரிக்கு வயது 18. கதை கிடைத்ததா என்று ஒவ்வொரு நாள் காலையிலும் கேட்டார்கள் என்றும், இல்லை என்று சொல்ல நேர்ந்தது தமக்கு அவமானமாக இருந்தது என்றும் 1831 பதிப்பின் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். அந்த வெற்றுக் காலைகளுக்குப் பின் சிறுகதையாகத் தொடங்கியது நாவலாக வளர்ந்து, 1818 ஜனவரி 1 அன்று ஆசிரியர் பெயரின்றி 500 படிகள் அச்சாகி வெளிவந்தது. 1831-இல் அவர் அதை மீண்டும் திருத்தினார். எழுத வராத நாளும் திருத்தும் நாளும் எழுத்தின் பகுதியே என்பதற்கு இதைவிட நல்ல சான்று வகுப்பில் கிடைக்காது.

தமிழில் வாசிக்கத் தரக்கூடிய கதை உண்டா?

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைத் தரலாம், சற்று மூத்த மாணவர்களுக்கு ஏற்றது. கதைசொல்லி ஓர் எழுத்தாளர். வீட்டுக்கு வந்துசேரும் பெண் யார், நடந்தது எவ்வளவு, அவர் கற்பனை எவ்வளவு என்பது வாசகரின் பொறுப்புக்கே விடப்படுகிறது.

மதிப்பெண் எப்படி வழங்குவது?

எவ்வளவு பயமாக இருந்தது என்பதை அளக்கக் கூடாது. அது வாசிப்பவரைப் பொறுத்தது. தொடக்கத்தில் வந்த ஒரு விவரம் பின்னர் பொருளோடு திரும்பி வருகிறதா, உச்சக்கட்டத்தில் தொடரின் நீளம் மாறுகிறதா, சொல்லாமல் விட்டதை வாசகர் கண்டறியப் போதிய தடயம் இருக்கிறதா, முதல் வரைவுக்கும் இறுதி வரைவுக்கும் இடையே என்ன மாறியது என்று பார்க்கிறேன். இவற்றில் கடைசிக்கு மிகுந்த மதிப்பெண் தருகிறேன். மாணவர் தாம் நீக்கிய மூன்று தொடர்களையும் நீக்கியதற்கான காரணத்தையும் தனித்தாளில் எழுதித் தரவேண்டும். அந்தத் தாள், கதையைவிடத் தெளிவாக அவருடைய வளர்ச்சியைக் காட்டுகிறது.

முடிவில் எல்லாரும் “அத்தனையும் கனவு” என்று எழுதிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

விளக்கம் தருவது தவறில்லை. ராட்கிளிஃப் தம் நாவல்களில் மாயமாகத் தோன்றியவற்றுக்கு இறுதியில் இயல்பான காரணம் காட்டுவார். கனவு என்று முடிப்பதில் உள்ள குறை வேறு. அது வாசகர் சேர்த்துவைத்த தடயங்கள் அனைத்தையும் ஒரே சொல்லில் வீணாக்கிவிடுகிறது. சிறுகதையின் ஒவ்வொரு சொல்லும், முதல் தொடர் உட்பட, ஒரே விளைவை நோக்கிச் செல்லவேண்டும் என்று போ 1842-இல் எழுதிய மதிப்புரையில் சொன்னதை இங்கே நினைவுபடுத்தலாம்.

நான் செய்வது எளிய ஒன்று. கடைசிப் பத்தியைப் பின்பக்கமாக மடித்துவிட்டு, மீதியை உரக்க வாசிக்கச் சொல்கிறேன். மடித்த பகுதி இல்லாமல் கதை நிற்கிறதா என்பதை எழுதியவரே தீர்மானிக்கட்டும். ஒரு மாணவியின் கதையில், ஆளில்லாத வீட்டின் மாடி ஜன்னலை நாள்தோறும் மாலையில் யாரோ சாத்துகிறார்கள். அது யார் என்பதைக் கடைசிப் பத்தி விரிவாக விளக்கியது. அதை மடித்ததும், அந்த வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிய மறுநாள் மாலை, அதே நேரத்தில், ஜன்னல் சாத்தப்படும் ஓசை கேட்டது என்ற தொடரில் கதை நின்றது. அவள் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடிப்பை விரிக்காமலேயே என்னிடம் தந்துவிட்டாள்.